வலைக்கு அந்தப் பக்கம்

(காட்டுமன்னார்கோயிலில் பூப்பந்து நண்பர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊருக்கு வந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவதென்றால் பூப்பந்தைத்தான் பேச வேண்டும். மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு. உங்கள் அப்பாக்கள் ஆடியது, தாத்தாக்கள் ஆடியது. நானும் ஆடியிருக்கிறேன். ஆனாலும் இன்றைக்கு அதன் பங்காளி ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு அனுமதி கேட்டு வந்திருக்கிறேன். ஏட்டில் இறகுப்பந்து என்கிறோம், வாயில் ஷட்டில் என்கிறோம். அதிலும் பதக்கம் வாங்கியவர்களை விட்டுவிட்டு, ஒலிம்பிக் பதக்கம் வாங்காத ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன்.

பெயர் நிலூக கருணாரத்ன. இலங்கைக்காரர். 1985இல் காலி நகரில் பிறந்தவர்.

2012 ஜூலை மாதக் கடைசி, லண்டன் வெம்பிளி அரங்கம். ஒலிம்பிக் ஆடவர் ஒற்றையரில் ஒரு பிரிவு ஆட்டம். ஒரு பக்கம் ஜப்பானின் கெனிச்சி டாகோ. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆல் இங்கிலாந்து ஷட்டில் போட்டியில் இறுதியாட்டம் வரை போய், மலேசியாவின் லீ சோங் வெயிடம் இரண்டு கேமிலும் 19 புள்ளி வரை பிடித்து நின்று தோற்றவர். மறுபக்கம் நிலூக. சில நாள் முன்பு தொடக்க விழாவில் இலங்கைக் கொடியைப் பிடித்து நடந்தவர். 21-18, 21-16 என்று நிலூக ஜெயித்தார். மூன்றாவது கேமுக்கே வேலை இல்லை.

இலங்கைக்கு ஒலிம்பிக் வரலாறு என்பது சின்ன வரலாறு. 1948இல் இதே லண்டனில் 400 மீட்டர் தடையோட்டத்தில் டங்கன் ஒயிட் வாங்கிய வெள்ளி, 2000 சிட்னியில் 200 மீட்டரில் சுசந்திகா ஜயசிங்க வாங்கிய பதக்கம், அவ்வளவுதான். மற்றபடி அந்த நாட்டின் மூச்சு முழுக்க கிரிக்கெட். அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஷட்டில் பேட்டோடு கிளம்பி, ஆல் இங்கிலாந்து இறுதியாட்டக்காரரை நேர் கேமில் மடக்கும் ஆள் எப்படி வந்தார்? எனக்குப் பல வருடமாக இருந்த கேள்வி இது. விடை அவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அப்பா லூயிஸ் கருணாரத்ன பயிற்சியாளர். பிள்ளைகள் நிலூக, தினூக, திலூக, சாமிக, கவீஷ. ஐந்து பேரும் ஷட்டில் ஆடினார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு பூப்பந்து அணி. நிலூகவும் தினூகவும் நாட்டுக்காகவே ஆடினார்கள். அந்த வீட்டுக்குக் கிடைத்த பெரிய செல்வம் அதுதான் என்று நினைக்கிறேன்: வலைக்கு அந்தப் பக்கம் நிற்க எப்போதும் ஒரு ஆள் இருந்தார்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஷட்டில் காக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். 16 இறகு, கீழே ஒரு தக்கை, எல்லாம் சேர்த்து ஐந்து கிராம் சுமார். அடிக்கும்போது தக்கை முன்னால் வரும்படி காற்றிலேயே தானாகப் புரண்டுகொள்ளும். பேட்டை விட்டுக் கிளம்பும்போது இருக்கிற வேகத்தில் பாதிகூட எதிராளியிடம் போய்ச் சேரும்போது இருக்காது. அதனால்தான் அதே கைவீச்சில் ஒருவர் ஓங்கி ஸ்மாஷும் அடிக்கலாம், வலையோரம் செத்து விழுகிற டிராப்பும் போடலாம். கை ஒன்றுபோலவே வரும். மணிக்கட்டு கடைசி நொடியில்தான் உண்மையைச் சொல்லும். அதைப் படிப்பதுதான் இந்த ஆட்டத்தின் பாதி.

பயிற்சியாளர் ஒரு கூடை ஷட்டில் காக்குகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக எறிவார். பிள்ளை நாலு மூலைக்கும் ஓடி எடுக்கும். கால் பழகும், மூச்சு பழகும், கை பழகும். ஆனால் எறிகிறவர் ஏமாற்றுவதில்லை. எங்கே போடப்போகிறார் என்பது பிள்ளைக்குத் தெரியும். ஏமாற்றத் தெரிந்த ஒருவர், உன்னை ஜெயிக்க வேண்டும் என்று வெறியோடு வந்த ஒருவர், எதிரே நின்றால்தான் கண் பழகும். அப்படி ஒரே ஒருவர் போதுமா என்றால், அதுவும் போதாது. தினமும் அதே ஆளோடு ஆடினால் அவர் மணிக்கட்டு உனக்கு மனப்பாடமாகிவிடும், உன்னுடையது அவருக்கு மனப்பாடமாகிவிடும். இரண்டு பேரும் ஒரே கிணற்றைச் சுற்றி நடக்கிற மாடுகள்போல ஆகிவிடுவீர்கள். இடக்கைக்காரர் வேண்டும், உயரமானவர் வேண்டும், அடித்து ஆடுகிறவர் வேண்டும், அசராமல் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கிறவர் வேண்டும்.

ஒரு நாடு சிறியதா பெரியதா என்பதை நான் இதை வைத்துத்தான் அளக்கிறேன். டென்மார்க்கில் மொத்த ஜனம் சுமார் 60 லட்சம். இலங்கையில் 2 கோடிக்கும் மேல். ஆனால் ஷட்டிலில் டென்மார்க் பெரிய நாடு. 1996 அட்லாண்டாவில் பால் எரிக் ஹோயர் லார்சன் தங்கம் வாங்கினார். டோக்கியோவிலும் பாரிசிலும் விக்டர் ஆக்செல்சன் அடுத்தடுத்து இரண்டு தங்கம் வாங்கினார். 2016இல் ஆடவர் அணிகளுக்கான தாமஸ் கோப்பையையே தூக்கினார்கள். தலையை எண்ணினால் இலங்கை பெரியது. மாலை ஆறு மணிக்கு வலைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிற நல்ல ஆட்டக்காரர்களை எண்ணினால் டென்மார்க் எங்கோ இருக்கிறது.

லண்டனுக்குத் திரும்புகிறேன். டாகோவை ஜெயித்த நிலூக கடைசி 16 பேரில் ஒருவரானார். அடுத்து எதிரே வந்தவர் நம்முடைய பாருபள்ளி காஷ்யப். தெற்காசியர் இருவர் ஒலிம்பிக் ஒற்றையரில் காலிறுதி இடத்துக்காக மோதினார்கள். முதல் கேம் காஷ்யப் 21-14. இரண்டாவதில் நிலூக எழுந்து வந்து 21-15. மூன்றாவதில் காஷ்யப் 21-9 என்று முடித்துவிட்டார். ஒலிம்பிக் ஆடவர் ஒற்றையரில் காலிறுதிக்குப் போன முதல் இந்தியர் காஷ்யப். நம் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். அந்த வெற்றியின் மறுபக்கத்தில் நின்றவர் யாரென்று நாம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அந்த ஆட்டத்தில் மனம் நிலூக பக்கமே சாய்கிறது. நம் நாட்டுக்காரர் ஜெயித்ததில் மகிழ்ச்சிதான், ஆனாலும் சாய்கிறது.

ஏனென்றால் காஷ்யப் கிளம்பி வந்த இடம் ஹைதராபாத்தில் கோபிசந்த் நடத்தும் பயிற்சிக்கூடம். அங்கே காலையில் கோர்ட்டுக்குப் போனால் எதிரே நிற்க இந்தியாவின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் வரிசையில் இருப்பார்கள். நிலூக கிளம்பி வந்தது அப்பாவும் சகோதரர்களும் சேர்ந்து கட்டிய ஒரு சின்ன உலகத்திலிருந்து. ஒரு கூடத்துக்கும் ஒரு குடும்பத்துக்கும் நடந்த ஆட்டமாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். இரண்டாவது கேமை அந்தக் குடும்பம் எடுத்தது என்பதை மறக்கக் கூடாது.

ஷட்டிலில் இந்தியாவும் ஒரு காலத்தில் சின்ன நாடுதான். பிரகாஷ் படுகோன் சின்னப் பையனாக ஆட்டம் பழகியது பெங்களூரு மல்லேஸ்வரத்தில் கனரா யூனியன் கல்யாண மண்டபத்தில். முகூர்த்த நாளில் ஆட்டம் கிடையாது. மண்டபம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். அப்படி வளர்ந்தவர் 1980இல் ஆல் இங்கிலாந்து இறுதியில் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வி கிங்கை 15-3, 15-10 என்று ஜெயித்தார். அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலகத்தின் உச்சியைத் தொட்ட அந்த மனிதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு டென்மார்க் போனார். ஹ்விடோவ்ரே என்ற மன்றத்துக்காக ஆடினார். அவர் அளவுக்கு எதிர்நின்று ஆடக்கூடிய ஆட்கள் அன்றைக்கு இங்கே இல்லை, அங்கே இருந்தார்கள்.

இந்த ஊரில் இதைச் சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். பாசுரம் பத்துதான் காதில் விழுந்தது, மீதி எங்கே என்று தேடிக்கொண்டு வீரநாராயணபுரத்திலிருந்து திருக்குருகூர் வரைக்கும் நடந்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. இங்கே இல்லாததை இருக்கிற இடத்துக்குப் போய் எடுத்து வந்தார் என்பது நம் பெரியவர்கள் சொல்லிவரும் செய்தி. பிரகாஷும் திரும்பி வந்தார். 1994இல் பெங்களூருவில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். கோபிசந்த் 2001இல் ஆல் இங்கிலாந்து ஜெயித்துவிட்டு ஹைதராபாத்தில் தொடங்கினார். அங்கிருந்து சாய்னாவும் சிந்துவும் வந்தார்கள். 2022 மே மாதம் பாங்காக்கில் தாமஸ் கோப்பை இறுதியில் இந்தோனேசியாவை 3-0 என்று நாம் ஜெயித்தோம். கல்யாண மண்டபத்திலிருந்து அந்த மேடைக்கு வருவதற்கு ஒரு தலைமுறைக்கும் மேலே ஆகியிருக்கிறது.

நிலூகவுக்கு வேறொரு கஷ்டமும் இருந்தது. உலகத் தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? 52 வாரத்தில் ஒருவர் ஆடிய போட்டிகளில் மிக நன்றாக ஆடிய பத்தை எடுத்துப் புள்ளியைக் கூட்டுகிறார்கள். ஒலிம்பிக்குக்குப் போவதும் பெரும்பாலும் அந்த வரிசையைப் பொறுத்தே. ஆக, பத்துப் போட்டிக்காவது போயாக வேண்டும். இந்திய ஆட்டக்காரருக்கு டெல்லியிலும் லக்னோவிலும் வீட்டுத் திண்ணையிலேயே போட்டி நடக்கிறது. கொழும்பிலும் ஒரு சர்வதேசப் போட்டி நடத்தினார்கள்தான், ஆனால் அது ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சின்ன நாட்டு ஆட்டக்காரர் விமானத்தில் ஏற வேண்டும், முதல் சுற்றில் தோற்றாலும் டிக்கெட் காசு காசுதான். முதல் சுற்றிலேயே உலகின் முன்னணி ஆட்டக்காரர் எதிரே வரலாம், ஏனென்றால் கீழ் வரிசையில் இருப்பவருக்குச் சீட்டு அப்படித்தான் விழும். ஜெயித்தால்தான் வரிசை ஏறும், வரிசை ஏறினால்தான் சுலபமான ஆள் எதிரே வருவார். இந்த வளையத்துக்குள்ளே சுற்றிக்கொண்டு, 2012 லண்டன், 2016 ரியோ, 2021இல் நடந்த டோக்கியோ என்று மூன்று ஒலிம்பிக்குக்கு ஒரு மனிதர் வந்து நின்றார். டோக்கியோவில் பார்வையாளர்களே இல்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவருடைய கடைசி ஒலிம்பிக் முடிந்தது. வயது 36.

அதே டோக்கியோவில், அதே கூரைக்குக் கீழே, இன்னொரு சின்ன நாட்டுக்காரர் ஆடிக்கொண்டிருந்தார். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா. அங்கிருந்து கெவின் கோர்டோன். கால்பந்துப் பைத்தியமான அப்பா, இங்கிலாந்து வீரர் கெவின் கீகன் நினைவாகப் பிள்ளைக்குப் பெயர் வைத்தார். பிள்ளை ஷட்டில் பேட்டை எடுத்தது. 12 வயதில் ஊரை விட்டுத் தலைநகருக்குப் போய்த் தங்கிப் பயிற்சி எடுத்தார். பன்னிரண்டு வயது என்றால் நம் ஊரில் ஏழாம் வகுப்பு. அந்த வயதில் அம்மா கைச்சோற்றை விட்டுப் போவது லேசான காரியமா?

கோர்டோனுக்குப் பயிற்சி கொடுத்தவர் இந்தோனேசியாவின் முவாமர் கடாபி. ஆட்டம் செழித்த மண்ணிலிருந்து ஒருவர் பூமியின் மறுபக்கத்துக்குப் போய் அந்தப் பிள்ளைக்கு எதிரே நின்றார். டோக்கியோவுக்கு வந்தபோது கோர்டோனுக்கு வயது 34, தரவரிசையில் 59ஆம் இடம். பிரிவு ஆட்டத்தில் ஹாங்காங்கின் இங் கா லாங்கை ஜெயித்தார். நெதர்லாந்தின் மார்க் கல்ஜோவோடு 21-17, 3-21, 21-19. அந்த நடுக் கேமைப் பாருங்கள், மூன்றே புள்ளி. அப்படி அடி வாங்கிய பிறகு மூன்றாவது கேமை எடுப்பதற்கு என்ன மனசு வேண்டும்! காலிறுதியில் தென்கொரியாவின் ஹியோ குவாங் ஹீ. ஜப்பானின் மொமோடாவையே வெளியேற்றியவர் அவர். அவரையும் நேர் கேமில் ஜெயித்துவிட்டு, தரையில் விழுந்து அழுதார் கோர்டோன். அரையிறுதியில் ஆக்செல்சனிடமும் வெண்கல ஆட்டத்தில் இந்தோனேசியாவின் கின்டிங்கிடமும் தோற்று, நான்காவது இடத்தோடு திரும்பினார்.

நான்காவது இடத்துக்குப் பதக்கம் இல்லை. பாரிஸ் 2024இல் அவருக்கு நேர்ந்தது அதைவிட வலிக்கிறது. முதல் ஆட்டம் நம் லக்ஷ்ய சென்னோடு. 21-8, 22-20 என்று லக்ஷ்ய ஜெயித்தார். இரண்டாவது கேமில் 38 வயதை நெருங்கும் மனிதர் 20 வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் இடக்கைக்காரர். அந்த இடது முழங்கையிலேயே காயம். விலகிவிட்டார். விலகினால் அந்தப் பிரிவில் அவர் ஆடிய ஆட்டம் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்பது விதி. லக்ஷ்யவின் வெற்றியும் அழிந்தது, கோர்டோன் போராடிச் சேர்த்த 20 புள்ளியும் அழிந்தது. ஐந்தாவது ஒலிம்பிக்கில் அவர் ஆடிய ஆட்டம் ஆடாததாக ஆனது. விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 20 புள்ளியை யாராவது ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இங்கே சொல்கிறேன்.

இலங்கையிலிருந்து பாரிசுக்கு விரேன் நெத்தசிங்க வந்தார். நிலூக ஆடிய அதே ஆடவர் ஒற்றையர். ஒருவர் இறங்கிய இடத்தில் இன்னொருவர் நிற்கிறார். எனக்கு இதில் பெரிய ஆறுதல்.

தூரத்துக் கதைகள் என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனுக்கு முதலில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா. கூலி வேலைக்குப் போகிறவர். அந்தப் பெண் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். அதே பிரிவில் மனிஷா ராமதாஸ் வெண்கலம். இன்னொரு பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். ஒரே பாராலிம்பிக்கில் ஷட்டிலில் மட்டும் மூன்று தமிழ்ப் பெண்கள். காலியில் ஒரு லூயிஸ், காஞ்சியில் ஒரு முருகேசன். சின்ன இடத்தில் முதலில் வலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பவர் அப்பாவாகத்தான் இருக்கிறார்.

இனி நம் ஊர். எனக்கு நினைவு தெரிந்து பள்ளி விட்டதும் பூப்பந்து மைதானத்துக்கு ஓடுவோம். வீராணம் ஏரிக் கரைப் பக்கமிருந்து காற்று வரும். கம்பளிப் பந்துக்கு 27 கிராம் எடை, அது காற்றைக் கொஞ்சம் தாங்கும். பனி இறங்கினால் நனைந்து கனத்துப்போகும், பேட்டில் பட்டால் சத்தமே மாறிவிடும். ஒருநாள் யாரோ ஒரு ஷட்டில் காக் கொண்டு வந்தார்கள். அந்த மைதானத்திலேயே ஆடிப் பார்த்தோம். நான் கிழக்கே அடித்த காக் காற்றில் திரும்பி என் தலைக்கு மேலேயே வந்து விழுந்தது. இது நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டோம். ஆட்டம் நமக்கு ஆகாது என்றில்லை, இடம்தான் இல்லை. அது புரிய எனக்கு முப்பது வருடம் ஆனது.

இங்கே பேட் பிடிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் வலை கட்டாமலே ஆடுகிறார்கள். அதில் ஒரு பெண் பிள்ளை, பெயர் சொல்ல மாட்டேன், ஒரே கைவீச்சில் இரண்டு விதமாகப் போடுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு எதிரே நிற்க அந்தத் தெருவில் அதன் தம்பி மட்டும்தான் இருக்கிறான். அவன் மணிக்கட்டு அதற்கு எப்போதோ மனப்பாடம்.

இந்த அவையில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். ஷட்டில் கோர்ட்டின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. சுற்றி நாலடி விட்டால் போதும், பந்தி போடும் கூடத்திலேயே அடங்கும். வலை நடுவில் ஐந்தடி உயரம். கோட்டுக்குப் பெயிண்ட் வேண்டாம், ஒட்டுகிற டேப் போதும், உரித்தால் தரை பழையபடி இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் உங்களுக்கு முகூர்த்தம் இல்லை. அந்த இரண்டு மாதம், மாலை ஐந்து முதல் எட்டு வரை கொடுங்கள். மல்லேஸ்வரத்து மண்டபம் கொடுத்ததுபோல் கொடுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். லால்பேட்டையிலிருந்து வரட்டும், குமராட்சியிலிருந்து வரட்டும், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ் ஏறி வரட்டும். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் ஆடுகிற பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவோம். அந்தப் பெண் பிள்ளைக்கு எதிரே வாரத்துக்கு ஒரு புது ஆள் வந்து நிற்க வேண்டும். தோற்கட்டும், தோற்றுவிட்டு மறுவாரமும் வரட்டும்.

கம்பமும் வலையும் இங்கே இருக்கும் பூப்பந்து நண்பர்கள் பொறுப்பு. அவர்கள் தலையாட்டுவது தெரிகிறது. முதல் மாதத்துக்கான காக் டப்பாக்கள் என் செலவு. மண்டபக்காரர்களிடம் சாவியைத் தவிர இன்னொன்றும் கேட்கிறேன்: ஆட்டம் நடக்கும்போது எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் மின்விசிறியைப் போடாதீர்கள், காக் திரும்பிவிடும். கதவை மட்டும் திறந்து வையுங்கள், வீராணத்துப் பக்கம் இருக்கிற கதவைத் தவிர.